பதினொரு பேருக்குச் சுடுதண்ணீர்

அத்தியாயம் பதினேழு

போன கிழமை எவ்லினை வெறும் தபால்பெட்டிக்கு முன்னால் நிற்க விட்டுவிட்டு வந்தோம். இந்தக் கிழமை அவள் அங்கே இல்லை. தமையனின் கலியாணம் வந்துவிட்ட வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் நிற்க நேரமில்லை. ஆனால் மனசு மட்டும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றது. ஹம்பேர்க்கிலிருந்து வரவேண்டிய கடிதம் மூன்று கிழமையாக வரவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எவ்லினுக்கு இருபத்துநாலு வயது. மூன்றரை வருடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து ஹைசுங் வேலை பழகியவள். வீட்டுக்கு வெப்பமும் சுடுதண்ணீரும் தருகிற பொயிலரையும் தாங்கியையும் பூட்டுவது, பழுதானால் திருத்துவது அவளுடைய தொழில். சான்றிதழ் கையில் இருக்கிறது. அடுத்தது, அந்தத் தொழிலிலேயே உயர்ந்த பட்டமான மைஸ்ரர் படிப்பு. அதற்குத்தான் ஹம்பேர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

அவளுடைய அப்பா கொட்வினுக்கு இது பிடிக்கவில்லை. இருபத்தேழு வருடம் பாண் சுடும் ஃபாக்டரியில் வெள்ளைத் தொப்பியோடு நின்ற மனுசன். தன் மகள் வேலை உடுப்புப் போடக்கூடாது என்று ஒரு பிடிவாதம். ஆகவே கனடாவில் இருக்கும் தன் தமக்கை பிலோமினாவிடம், மகள் யூனிவேர்சிட்டியில் எஞ்சினியரிங் படிக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார். ரெலிபோனில் பொய் சொல்வது சுகம். கேட்டவர் பெட்டி படுக்கையோடு வந்து வீட்டில் இறங்கும்போதுதான் சங்கடம்.

பிலோமினா மாமி வியாழக்கிழமை வந்து இறங்கினார். புருசன் றொனால்ட், மகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று ஐந்து பேர். டென்மார்க்கிலிருந்து எவ்லினின் சித்தியும் சித்தப்பாவும். வீட்டுக்காரர் நாலு பேர். ஜேர்மனியின் பான் நகரத்துக்கு வெளியே, ஒரேயொரு குளியலறை உள்ள அந்த வீட்டில் மொத்தம் பதினொரு பேர்.

மாமியின் கார் வந்து நின்றபோது கொட்வின் நிலக்கீழ் அறைக்கு ஓடினார். அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்த மகளின் வேலை உடுப்பை உருவி, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சொருகினார். எவ்லின் அதைப் படியில் நின்று பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது எவ்லின் குளியலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். தாங்கி நூற்றைம்பது லீற்றர். ஆளுக்கு ஐந்து நிமிசம் ஷவர். ஆறு பேர் தோய்ந்த பிறகு முக்கால் மணித்தியாலம் ஒருவரும் குழாயைத் திறக்கக்கூடாது, தாங்கி திரும்பச் சூடாக வேண்டும். பிறகு மற்ற ஐந்து பேர். குளியல் தொட்டியை நிரப்புவது எவருக்கும் தடை.

"எங்கடை வீட்டிலை எந்நேரமும் சுடுதண்ணி வரும்," என்றார் மாமி, தாளை வாசித்துவிட்டு.

"இது கணக்கக்கா. யூனிவேர்சிட்டியிலை இதெல்லாம் வடிவாப் படிப்பிக்கினம்," என்றார் கொட்வின்.

எவ்லின் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்கு முன்னமே தகப்பனிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். "அண்ணான்ரை கலியாணத்தண்டு மட்டும் என்னைப் பற்றிப் பொய் சொல்லாதேங்கோ அப்பா." அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் ஓர் இரவுதான் இருந்தது.

*

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு றொனால்ட் மாமா பட்டியலின்படி முதல் ஆளாகக் குளியலறைக்குள் போனார். அதிர்ந்து பேசாத மனிதர். ஐந்து நிமிசம் கழித்து, இடுப்பில் துவாயும் காதுமடலில் சவர்க்கார நுரையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"றோசம்மா, தண்ணி கொஞ்சம் குளிராக் கிடக்கு," என்றார். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

எவ்லினின் அம்மா றோசம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக இந்த வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளியும் பச்சைத்தண்ணியில் தோய்ந்ததில்லை, தோசை போதாமல் எழும்பியதுமில்லை. அது அவருடைய பெருமை. இன்றைக்கு, மூத்தவன் கிறிஸ்ரியன் மாப்பிள்ளையாக வெளிக்கிடும் நாளில், முதல் ஆளே நடுங்கிக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்சேருங்கோ," என்று புருசனைக் கூப்பிட்டார். "கீழை போய் ஹைசுங்கை ஒருக்காப் பாருங்கோ."

கொட்வின் போனார். வந்தார். முகத்தில் நிம்மதி.

"ஒரு பிழையுமில்லை. தண்ணிச் சூடு அறுபத்திரண்டு எண்டு காட்டுது."

"அப்ப எனக்குத்தான் வயசு போட்டுது போலை," என்றார் மாமா. நுரை அவருடைய தோளில் வழிந்தது.

கொட்வின் குசினிக் குழாயைத் திறந்து கையை நீட்டினார். நீட்டிய வேகத்திலேயே இழுத்துக்கொண்டார். பெப்ரவரி மாதத்து ஜேர்மன் தண்ணீர். விரல் நுனி சிவந்துவிட்டது.

திரும்பவும் கீழே ஓடினார். பொயிலரின் சின்னக் கண்ணாடியில் எழுத்துப் பிசகாமல் அறுபத்திரண்டு. மேலே குழாயில் ஐஸ். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று கண்டுபிடிக்க அந்த வீட்டில் ஓர் ஆள் இருந்தது. அந்த ஆளைக் கூப்பிடாமல், பொயிலரில் எந்தக் காலத்திலோ ஒட்டியிருந்த அவசர நம்பருக்கு ரெலிபோன் எடுத்தார் கொட்வின்.

அந்தப் பக்கத்தில் பேசியவன் நித்திரைக் குரலில் கேட்டான், கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று. அறுபத்திரண்டு என்றார். பிழைக் குறி ஏதும்? இல்லை. அப்படியென்றால் உங்களிடம் சுடுதண்ணீர் இருக்கிறது என்றான் அவன். இல்லை என்று கொட்வின் சத்தியம் பண்ணினார். வேண்டுமானால் மத்தியானத்துக்குப் பிறகு ஆளை அனுப்புகிறேன் என்றான். இன்றைக்கு என் மகனுக்குக் கலியாணம் என்றார் கொட்வின். வாழ்த்துக்கள் என்றுவிட்டு அவன் வைத்துவிட்டான்.

பூசை பதினொரு மணிக்கு. மாப்பிள்ளை தோய்ந்து, உடுத்து, சுரூபத்தடியில் செபம் சொல்லி, பெரியவர்களிடம் முழங்காலில் ஆசீர்வாதம் வாங்கி, ஒன்பதே முக்காலுக்கு வீட்டிலிருந்து இறங்க வேண்டும். மணி ஆறே கால்.

*

எவ்லின் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தபோது தலைமயிரில் பாதி சுருட்டியிருந்தது, மற்றப் பாதி அப்படியே கிடந்தது. நிலக்கீழ் அறைக்குப் போகும் கதவுக்கு முன்னால் அப்பா நின்றார்.

"என்னப்பா? சுடுதண்ணி வரேல்லையாம்?"

"வரும். நான் போன் பண்ணிட்டன். ஆள் வரும்."

"எப்ப?"

"மத்தியானம்."

"மத்தியானம் நாங்கள் சேர்ச்சிலை நிப்பம். தள்ளுங்கோ, நான் ஒருக்காப் பாக்கிறன்."

கொட்வின் நகரவில்லை. விறாந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். "பிள்ளை, மாமி எழும்பிட்டா. நீ கீழை இறங்காதை. கேத்திலிலை தண்ணி கொதிக்கவைச்சு வாளியிலை கலந்து குடுப்பம். ஒரு நாள்தானே."

எவ்லின் தகப்பனைப் பார்த்தாள். பதினொரு பேருக்குக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைக்க அவர் தயார். மகளின் கையில் ஒரு ஸ்குரூட்ரைவரைத் தமக்கை பார்த்துவிடுவதற்கு மட்டும் தயாரில்லை. மூன்றரை வருடத்தில் எத்தனை வீட்டு நிலக்கீழ் அறைகளில் இறங்கியிருப்பாள்! கதவைத் திறந்துவிட்டு நன்றி சொன்னவர்கள் எல்லாரும் பிறத்தியார். சொந்த வீட்டில் கதவடியில் காவல்.

"அப்பா, அண்ணா பச்சைத்தண்ணியிலை தோஞ்சு நடுங்கி நடுங்கித் தாலி கட்டட்டோ?"

"பிள்ளை..."

"இது என்ரை வீடு. இதுவும் என்ரை தாங்கிதான். வழியை விடுங்கோ."

அவர் வழியை விடவில்லை. ஆனால் அவள் பக்கவாட்டில் போனபோது மறிக்கவுமில்லை.

*

கீழே அவள் முதலில் செய்த வேலை, கண்ணாடியைப் பார்க்காததுதான். உள்ளங்கையைத் தாங்கியின் அடியில் வைத்தாள். குளிர். நடுவில் வைத்தாள். குளிர். எட்டி மேலே வைத்தாள். அங்கேயும் குளிர். தாங்கிக்குள் நூற்றைம்பது லீற்றர் பச்சைத்தண்ணி. அறுபத்திரண்டு எங்கேயிருந்து வந்தது?

ரோச் லைற்றும் ஆயுதங்களும் வேலை உடுப்பின் பையில் இருந்தன. நேரே அரிசி மூட்டைகளிடம் போனாள், பின்னால் கையை விட்டாள், இழுத்தெடுத்தாள். இரவு உடுப்புக்கு மேலேயே காற்சட்டையைப் போட்டு, சட்டையையும் மாட்டினாள். முதுகில் கம்பனியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. சட்டையில் இரண்டு இடத்தில் அரிசி ஒட்டியிருந்தது.

லைற்றை மேலே அடித்தாள். எல்லாம் விளங்கிவிட்டது.

தாங்கியின் தலையை மூடியிருக்க வேண்டிய தடித்த ஸ்பொஞ்சு மூடி நிலத்தில் கிடந்தது. அந்த இடத்தில், வெறும் இரும்பின் மேல், அம்மாவின் பெரிய அலுமினியச் சட்டி. உள்ளே தோசை மா. நன்றாகப் பொங்கி, மூடியைத் தூக்கி, வெளியே வந்து, தாங்கியின் ஒரு பக்கத்தால் வெள்ளைக் கோடாக வழிந்து காய்ந்திருந்தது.

ஜேர்மன் குளிரில் மா புளிக்காது. இது இங்கே இருக்கும் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த துன்பம். சிலர் அவணுக்குள் லைற்றைப் போட்டுச் சட்டியை வைப்பார்கள், சிலர் போர்வையால் சுற்றிக் கட்டிலில் படுக்கவைப்பார்கள். றோசம்மாவின் வழி தாங்கியின் தலை. சின்னச் சட்டியாக இருந்தவரைக்கும் வில்லங்கம் வரவில்லை. பதினொரு பேருக்கு என்று பெரிய சட்டியைத் தூக்கி வைத்துத் தள்ளியபோது, அது அங்கே இருந்த மெல்லிய வயரை இழுத்துவிட்டது. தாங்கிக்குள் எவ்வளவு சூடு என்று பார்த்துப் பொயிலருக்குச் சொல்லும் சென்சரின் வயர் அது. சென்சர் தன் குழலிலிருந்து கழன்று, பின்னால் விழுந்து, வீட்டை வெப்பமாக்கப் போகும் குழாயின் மேல் போய்க் கிடந்தது.

அந்தக் குழாயோ நல்ல கொதி. கனடாவிலிருந்து வந்த மாமி வீடு குளிருது என்று சொன்னதால், கொட்வின் இரவு முழுக்க வெப்பத்தைக் குறைக்காமல் விட்டிருந்தார். காய்ச்சல் பார்க்கும் மீற்றரை நோயாளியின் வாயில் வைக்காமல் தேத்தண்ணிக் கோப்பைக்குள் வைத்த கதைதான். குழாயின் சூட்டைத் தாங்கியின் சூடு என்று நம்பிய பொயிலர், தண்ணீரைச் சூடாக்கத் தேவையில்லை என்று சும்மா இருந்துவிட்டது. இருந்ததை நேற்று இரவு விருந்தாளிகள் கழுவித் தீர்த்துவிட்டார்கள்.

எவ்லின் சட்டியைப் பத்திரமாக இறக்கி அரிசி மூட்டையின் மேல் வைத்தாள். திரும்பினால், படியில் ஒரு கூட்டமே நின்றது. மாமி முன்னால். பக்கத்தில் துவாயோடு மாமா. பின்னால் அப்பா. எல்லாருக்கும் மேலே, கதவடியில், அம்மா.

மாமியின் கண் அவளுடைய காற்சட்டையிலிருந்து சட்டைக்குப் போனது. எவ்லின் வயரை எடுக்கத் திரும்பியபோது முதுகில் இருந்ததையும் வாசித்திருப்பார்.

"என்ன பிழையாம்?" என்று கேட்டார் மாமி. வேறொன்றும் கேட்கவில்லை.

"சென்சர் கழண்டு போச்சு மாமி. திருப்பிப் பூட்டினால் சரி."

"அது எப்பிடிக் கழண்டது?"

எவ்லின் மேலே பார்த்தாள். அம்மாவின் முகம் வெளிறியிருந்தது. அம்மாவுக்கு விளங்கிவிட்டது. மாமிக்கு முன்னால் அம்மாவின் மரியாதை போவதற்கு ஒரு சொல் போதும்.

"பழைய வயர். சிலவேளை தானாக் கழரும்," என்றாள்.

கொட்வின் பெருமூச்சு விட்டார். விசயம் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். வேலை உடுப்புக்கு ஏதாவது ஒரு கதை அவரிடம் தயாராகத்தான் இருந்திருக்கும்.

"இல்லை," என்றார் றோசம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் இரண்டு படி இறங்கி வந்தார்.

"தானாக் கழரேல்லை மச்சாள். நான் தோசைச் சட்டியை அதுக்கு மேலை ஏத்தினனான். அதாலை இழுபட்டது. வைக்காதேங்கோ எண்டு பிள்ளை எனக்கு எத்தினையோ தரம் சொன்னவள், நான்தான் கேக்கேல்லை." மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் ஒரு படி இறங்கினார். "அந்த வயரைப் போன வருசம் பூட்டினது என்ரை மகள். இந்தத் தாங்கியைக் கொண்டுவந்து வைச்சு, பைப் எல்லாம் பொருத்தினது என்ரை மகள். அதுதான் அவளின்ரை தொழில். அவள் பூட்டினது தானாக் கழராது."

வாசகர்களே, பதினாறு அத்தியாயமாக இந்தப் பெண்மணி வாய் திறந்து மகளுக்காக ஒரு வசனம் பேசவில்லை என்று என்னிடம் முறைப்பட்டீர்கள். பேசிவிட்டார். தன் சட்டியையும் காட்டிக்கொடுத்து, புருசனின் பொய்யையும் உடைத்து, மகளின் வேலையைக் காப்பாற்றிவிட்டார். பத்தொன்பது வருடப் பெருமையைக் கீழே வைத்துவிட்டு அதைவிடப் பெரியது ஒன்றைக் கையில் எடுத்தார்.

மாமி மெல்லத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவ்வளவு நாளும் ரெலிபோனிலை நீ எனக்கு ஆரைப் பற்றிக் கதைச்சனீ?"

கொட்வின் தரையைப் பார்த்தார்.

"எனக்குப் பொய் சொன்னதை விடு. நான் அதை ரண்டு நாளிலை மறந்திடுவன். இந்தப் பிள்ளையை ஏன் ஒளிச்சு வைச்சனீ?"

"அக்கா..." கொட்வின் தன் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். பாண் ஃபாக்டரியின் அவண் தட்டுக்கள் சுட்ட தழும்புகள் முழங்கைவரை இருந்தன. "அவளின்ரை கையும் இப்பிடி வந்திடுமெண்டு."

எவ்லினுக்குக் கண் கலங்கியது. ஆனால் மணி ஆறே முக்கால். அழுகைக்குப் பட்டியலில் இடமில்லை.

"ஆராவது லைற்றைப் பிடியுங்கோ," என்றாள். "குழலுக்குள்ளை மா போய் இறுகிக் கிடக்கு. துப்பரவாக்காமல் சென்சர் உள்ளை போகாது. அம்மா, ஊர் விளக்குமாறிலையிருந்து ரண்டு ஈர்க்கு உருவிக்கொண்டு வாங்கோ. கெதியா."

லைற்றைப் பிடிக்க வந்தது கொட்வின்.

அவர் மகள் வேலை செய்வதை அதுவரை கண்டதில்லை, இந்தத் தாங்கியை அவள் பூட்டிய அன்றும் ஃபாக்டரியில்தான் நின்றார். மூன்றரை வருடம் அவள் விடியப் போய்ப் பின்னேரம் வருவதைக் கண்டிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தார். அவள் ஈர்க்கின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றினாள். சுண்டுவிரல் அகலக் குழலுக்குள் விட்டுத் திருப்பினாள். வெளியே எடுத்தாள், மாவைத் துடைத்தாள், திரும்பவும் விட்டாள். அவசரமே இல்லை. ஆறாம் தரம் துணி சுத்தமாக வந்தது. சென்சரைத் துடைத்து உள்ளே இறக்கி, கிளிப்பை அழுத்தி, வயரை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஸ்பொஞ்சு மூடியைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள்.

பொயிலரின் கண்ணாடியில் எண்கள் இறங்கத் தொடங்கின. நாற்பது. இருபத்தைந்து. பதினாலில் நின்றது.

"இறங்குதே," என்றார் மாமா பயந்துபோய்.

"இறங்கட்டும் மாமா. இப்பதான் அது உண்மையைச் சொல்லுது," என்றாள் எவ்லின்.

அடுத்த நிமிசம் பொயிலருக்குள் டக் என்று ஒரு சத்தம். நெருப்புப் பிடித்தது. பம்ப் ஓடத் தொடங்கியது. தாங்கிக்குப் போகும் குழாயில் அவள் கையை வைத்தாள், பிறகு தகப்பனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். இளஞ்சூடு மெல்ல மெல்ல ஏறியது. கொட்வின் கையை எடுக்கவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது. அது எவ்வளவு நாளாக உள்ளே கிடந்தது, ஏன் இன்றைக்குத்தான் வெளியே வந்தது என்று அவரிடம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

"நாப்பது நிமிசம்," என்றாள் எவ்லின். "முதல் ஆள் அண்ணா. பிறகு மாமா, பாவம், நுரையோடை நிக்கிறார். அப்பா கடைசி."

*

எட்டு மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முழுக்க ஆவி. கிறிஸ்ரியன் பாட்டுப் பாடிக்கொண்டு தோய்ந்தான். குசினியில் றோசம்மா அதே சட்டி மாவில் தோசை ஊற்றினார்.

மாமி ஐந்தாவது தோசையைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தபடி, "மா நல்லாப் புளிச்சிருக்கு," என்றார்.

"தாங்கியின்ரை தலையிலை வைச்சாத்தான் மச்சாள் அப்பிடிப் பொங்கும்," என்றார் றோசம்மா. வெட்கமே இல்லை.

"இனி வைச்சால் சட்டிக்கும் ஒரு சென்சர் பூட்டிவிடுவன்," என்றாள் எவ்லின். கனநாளைக்குப் பிறகு அந்தக் குசினியில் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மாமி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் தோசை மா. "இந்தக் கையோடையே சேர்ச்சுக்கு வா," என்றார். "ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்."

பதினோராவது ஆளாகக் கொட்வின் தோயப் போனார். முழு ஐந்து நிமிசமும் நின்றார். தலையைத் துவட்டியபடி வெளியே வந்து, "எனக்கும் மிஞ்சிக் கிடந்தது, பிள்ளை. நல்ல சூடு," என்றார்.

"மிஞ்சேல்லை அப்பா. உங்களுக்கெண்டு கணக்குப் பண்ணித்தான் விட்டனான்."

அவர் அறைக்குள் போய்க் கலியாணத்துக்கென்று தைத்த கோட்டை எடுத்துப் போட்டார். போட்டவுடன் அவருடைய கை நெஞ்சுப் பக்கத்துப் பையில் போய் நின்றது. அங்கே இருந்ததை அவர் மறக்கவில்லை. மறந்ததாக நடித்துக்கொண்டிருந்தார்.

*

மாப்பிள்ளையின் கார் முன்னால் போய்விட்டது. கடைசிக் காரில் அப்பாவும் மகளும். எவ்லின் மரகதப் பச்சைச் சேலையில், தலைமயிர் இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சுருண்டு, பார்க்க வடிவாக இருந்தாள். சேர்ச் வளவுக்குள் காரை நிறுத்திவிட்டு, கொட்வின் இயந்திரத்தை நிறுத்தாமல் இருந்தார்.

பிறகு கோட்டுக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைக் கடித உறையை எடுத்தார்.

"மூண்டு கிழமைக்கு முந்தி வந்தது. நான் வேலையாலை வாற நேரம் தபால்காரன் தந்தவன். இந்தக் கோட்டை ஒருத்தரும் தொடமாட்டினம் எண்டு இதுக்குள்ளை வைச்சனான்." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "நான் திறக்கேல்லை, பிள்ளை. சத்தியமாத் திறக்கேல்லை."

உறையின் மூலையில் ஹம்பேர்க் என்றிருந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள். நீ போ. போய்ப் படி. மைஸ்ரரா வா. நான் எல்லாருக்கும் சொல்லுவன்."

அவர் இறங்கிப் போனார். எவ்லின் உறையைக் கிழித்தாள். முதல் வரியில் இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரலில் தொடக்கம். இரண்டாம் வரியில் வாழ்த்து. மூன்றாம் வரியில், இடத்தை ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் அறிவிக்கவேண்டிய கடைசித் திகதி. அதற்குள் பதில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும்.

அவள் திகதியை இரண்டாம் தரம் வாசித்தாள். வெள்ளிக்கிழமை. நேற்று.

கார்க் கண்ணாடிக்கு வெளியே, சேர்ச் படியில், அப்பா மணப்பெண் லாராவின் தகப்பன் ஞானப்பிரகாசத்துக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையால் தாங்கியின் உயரத்தைக் காட்டினார். சுண்டுவிரலை நீட்டிக் குழலின் அகலத்தைக் காட்டினார். ஈர்க்கை எப்படித் திருப்ப வேண்டும் என்றும் காட்டினார். பிறகு காரைக் காட்டினார். மாமி பக்கத்தில் நின்று தலையாட்டினார். அப்பா அப்படி நிமிர்ந்து நின்று எவ்லின் ஒருநாளும் கண்டதில்லை.

அவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவள் கடிதத்தை மடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

"இவதான் என்ரை மகள். ஹைசுங் வேலை செய்யிறா," என்றார் கொட்வின், வளவு முழுக்கக் கேட்க. "கடிதம் வந்திருக்கு. என்னவாம் பிள்ளை? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அப்பாவின் கண்கள் ஏற்கனவே நனைந்திருந்தன.

"இடம் கிடைச்சிருக்கு, அப்பா," என்றாள் எவ்லின்.

கொட்வின் அவளைக் கட்டிப்பிடித்தார். ஞானப்பிரகாசம் கை கொடுத்தார், மாமி நெற்றியில் கொஞ்சினார், மேலே மணி அடிக்கத் தொடங்கியது. கலியாணத்தண்டு மட்டும் பொய் சொல்லாதேங்கோ என்று கேட்டிருந்தவள், அப்பாவின் தோளுக்குப் பின்னால் கையை மெல்ல எடுத்து, கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.